உலைப் பதிவேட்டின் ஆறாவது கட்டம்

"14-11-96, வியாழன். 9.30: கறுப்பு. 10.00: கறுப்பு, ஓரத்தில் சாம்பல். 10.30: ஒரு மூலையில் சிவப்பு, ஊதுவத்தி நுனி அளவு. 11.00: சிவப்பு நடுவுக்கு வந்துவிட்டது. 11.30: நடுவில் மஞ்சள், கண் கூசுகிறது. 12.00: மிக அழகாக உள்ளது."

இது இரண்டாம் எண் உலையின் பதிவேட்டில் ஐந்தாம் பக்கம். கையெழுத்து உலைக்காரருடையது. பக்கத்தின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டிருப்பவன் நான். சரிபார்த்தது உண்மைதான். ஆறு பதிவுகள் இருக்க வேண்டும், ஆறு இருந்தன. அரை மணிக்கு ஒன்றாக இருந்தன. அடித்தல் திருத்தல் இல்லை. அன்றைய என் நாட்குறிப்பில் 'உலைக்காரரிடம் எழுத்து இருக்கிறது' என்று ஒரு வரியும் இருக்கிறது. அவர் அழகாக உள்ளது என்று எழுதிய பொருள் அந்த நிமிடத்தில் நடுவிலிருந்து உருகிக்கொண்டிருந்தது.

அப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பம்பு உதிரிகள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் பராமரிப்புப் பிரிவின் குமாஸ்தா. திருவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். படிவங்கள் தயாரிப்பது, பதிவேடுகளுக்குப் பக்க எண் போடுவது, கூட்டங்களில் குறிப்பெடுப்பது என் வேலை. அந்த வருடம் தொழிற்பேட்டை முழுக்கத் தரச் சான்றிதழ்க் காய்ச்சல் பரவியிருந்தது. செய்வதை எழுது, எழுதியதைச் செய் என்பதுதான் அதன் சாரம். சான்றிதழ் தரும் ஆய்வாளர்கள் வரும்போது எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

தொல்லை பேக்கிங் ஷெட்டில் ஆரம்பித்தது. மழைக்காலத்தில் ஷெட்டின் கதவுகளை மூடித்தான் வைக்க வேண்டும். உள்ளே சரக்கு தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்ட் நாள் முழுக்க ஓடும். ஏற்றுமதிக்கு அடுக்கிய வெள்ளை அட்டைப்பெட்டிகள் மேல் கரி படிந்தது. சரக்கு நன்றாக இருக்கிறது, பெட்டிகளை மட்டும் அடுப்படியில் வைத்திருந்து அனுப்புகிறீர்களா என்ற பொருள்பட வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் மேனேஜர் முதலில் எடுத்த நடவடிக்கை, பெட்டியின் நிறத்தைப் பழுப்பாக மாற்றலாம் என்று பதில் எழுதச் சொன்னது. வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் பிறகுதான் ஃபோர்க்லிஃப்டின் புகைக்குழாயில் மாட்டுவதற்கு இரண்டு ஃபில்டர்கள் கப்பலில் வந்தன.

ஃபில்டர் என்பது ஒரு பால் தூக்கு அளவிலான பீங்கான் உருளை. உள்ளே தேனடை மாதிரி ஏகப்பட்ட கண்கள். ஒரு கண் விட்டு ஒரு கண் அடைத்திருக்கும். அதனால் புகை பீங்கான் சுவர் வழியாகத்தான் கசிந்து வெளியேற வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். ஒரு வாரத்தில் கண்கள் நிறைந்துபோகும். அதைக் கழற்றி, மற்றதை மாட்டி, கழற்றியதை உலையில் வைத்துச் சூடேற்றி உள்ளே உள்ள கரியை எரித்துவிட வேண்டும். மிஞ்சும் சாம்பலைக் காற்றடித்து ஊதினால் சுத்தம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் கரி என்பது அழுக்கு மட்டுமல்ல, எரிபொருளும்கூட. உலையின் சூடு அதைப் பற்றவைக்க மட்டுமே. பற்றிய பிறகு அது தன் சூட்டில் தானே எரியும். காற்று கொஞ்சமாகக் கிடைத்தால் மெல்ல எரிந்து சாம்பலாகும். நிறையக் கிடைத்தால் ஃபில்டரின் நடுப்பகுதி பீங்கானே தாங்காத சூட்டுக்குப் போய்விடும். ஆகவே பின்பக்கக் காற்றுத் துளையை ஒரு விரற்கடை மட்டும் திறந்துவைத்து, உலை ஆறும்வரை முன்கதவைத் தொடாமல் இருக்க வேண்டும். கூடவே வந்த சிறு புத்தகத்தில் இதெல்லாம் இருந்தது. நான் அதைப் படித்து, பத்து விதிகளாகத் தமிழில் எழுதினேன். ஏழாவது விதி: 'உலை முழுதும் ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது.'

உலைக்காரர் என்னைவிட அழகாகச் சொன்னார். புத்தகத்தின் சாரத்தை நான் பதினைந்து நிமிடம் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "அப்ப இது அடுப்பு இல்ல சார். வெறகு உள்ளயே கீது. நாம வெறும் தீக்குச்சி" என்றார்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஆவடி சேக்காட்டில் வீடு. எங்கள் கம்பெனியில் ஒன்பது வருடமாக கான்ட்ராக்ட் ஆள். வருடா வருடம் நிரந்தரமாக்குவதாகச் சொல்வார்கள், வருடா வருடம் ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும். அவர் மாமனார் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர், குவார்ட்டர்ஸ்வாசி. அந்தக் குவார்ட்டர்ஸ் தெருவில் கான்ட்ராக்ட் என்ற சொல்லே கிடையாதாம். "மாதா கோயில்ல யார்னா வந்து மருமவன் எங்க வேல செய்றாருன்னு கேட்டா, எங்க மாமனாரு 'அம்பத்தூர்ல இருக்காரு'ன்னு ஊரு பேர மட்டும் சொல்லுவாரு சார். ஒன்பது வருசமா நான் அம்பத்தூர்ல இருந்துகினே கீறேன்" என்பார். அந்தக் கிறிஸ்துமஸுக்குள் உத்தரவு வந்துவிடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, டிசம்பர் முடிய அவர் பேரில் எந்தப் புகாரும் இருக்கக் கூடாது.

இனி ஆறாவது கட்டம். ஃபில்டர் உலைக்குப் பதிவேடு வேண்டும் என்றபோது நான் புதிதாகப் படிவம் வரையவில்லை. ஒன்றாம் எண் உலையின் படிவத்தையே எடுத்தேன். அந்த உலையில் இரும்புத் தண்டுகளைப் பதப்படுத்துவார்கள். இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் பதம் சொல்ல முடியும். எனவே அந்தப் படிவத்தில் தேதி, நேரம், துளையின் அளவு, சுவிட்ச் நிலை, வெப்பமானி காட்டும் சூடு ஆகியவற்றுக்குப் பிறகு ஆறாவதாக 'தோற்றம்' என்று ஒரு கட்டம் உண்டு, அரை மணிக்கொரு முறை நிரப்ப. தலைப்பில் 'உலை எண் 1' என்பதை அடித்து 2 என்று போட்டு, புதிய படிவ எண் கொடுத்து, அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஒரே வாரத்தில் கதவைத் திறக்கக் கூடாது என்றும், அரை மணிக்கொரு முறை உள்ளே இருப்பது எப்படித் தோன்றுகிறது என்று எழுத வேண்டும் என்றும் ஆணையிட்டவன் நான். இரண்டையும் மேனேஜர் அங்கீகரித்தார். இன்னும் மூன்று பேர் கையொப்பமிட்டார்கள்.

கவனித்தவர் உலைக்காரர் ஒருவர்தான். அக்டோபர் முதல் வாரம், பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், ஏழாவதுல தொறக்கக் கூடாதுன்னு போட்டுக்கீறீங்க. இங்க தோற்றம்னு கீது. பாக்காம எப்டி சார் எழுதறது?"

நான் வேறொரு படிவத்தில் மூழ்கியிருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே, "லேசாத் திறந்து பார்த்துட்டு உடனே மூடிடுங்க. கட்டம் மட்டும் காலியா இருக்கக் கூடாது" என்றேன்.

வரும் பேப்பரின் விலையையும் போகும் பஸ்ஸின் நேரத்தையும் எழுதிவைக்கும் என் நாட்குறிப்பில் இந்த உரையாடல் இல்லை.

ஒன்றாம் எண் உலைக்காரருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இருந்ததில்லை. அவர் காலையில் வந்ததும் அன்றைய எட்டுக் கட்டங்களிலும் 'நன்று' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார். நம்முடைய உலைக்காரர் அப்படி இல்லை. வேலை நிரந்தரமாகப் போகிறவர். ஒவ்வொரு அரை மணிக்கும் கதவைத் திறந்து, குனிந்து பார்த்து, பார்த்ததை எழுதினார். முதல் வாரம் 'கறுப்பு', 'கறுப்பு' என்றுதான் இருந்தது. 'இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதலாம்' என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். அதுவும் நான்தான்.

அக்டோபரில் கரி குறைவாக இருந்ததால் பெரிய கேடு நேரவில்லை. தீபாவளி வாரத்தில் ஏற்றுமதி நெருக்கடி. ஃபில்டரை மாற்றாமல் இரண்டு வாரம் ஓட்டிவிட்டார்கள். பதினான்காம் தேதி உலைக்குள் போன ஃபில்டரில் இரண்டு வாரக் கரி. அதோடு அரை மணிக்கொரு முறை நல்ல காற்று. மானியோ உலையின் சுவரோரமாக இருந்தது. ஃபில்டரின் நடுவில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஐந்தாவது கட்டத்தில் சூடு ஐந்நூற்றைம்பது டிகிரியைத் தாண்டவே இல்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது.

மறுநாள் காலை உலைக்காரர் ஃபில்டரை வெளியே எடுத்து விரல் முட்டியால் தட்டினார். நல்ல ஃபில்டர் பித்தளைச் சொம்பு போல ஒலிக்கும். இது விரிசல் விட்ட பானை போல 'டொக்' என்றது. இருந்தும் அடுத்த முறை மாற்றும்போது அதையே மாட்டிவிட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃபில்டர் மாற்றிய அன்று வண்டியைக் கிளப்பிப் புகைக்குழாயில் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிப்பார். வெள்ளையாகவே இருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அன்று கைக்குட்டையை உதறி எல்லோருக்கும் காட்டினார்.

"இன்னா அண்ணாத்தே, ஃபில்டர சுத்தம் பண்ணச் சொன்னா ஜன்னல் வெச்சிக்கினு வந்துட்டியா? பூனையே பூந்து வெளிய வரும் போல கீது!"

"உன் இஞ்சின் புகைய மொதல்ல பாரு மாமே. எரும மாட்டுக்கே மூச்சு முட்டுது."

முதல் ஃபில்டர் உடைந்ததற்குக் காரணம் கப்பல் பயணம் என்று முடிவாயிற்று. அந்த முடிவை எழுதியதும் நான்தான். அடுத்த மாதம் இரண்டாவதும் அதே மாதிரி 'டொக்' என்றபோது கப்பலைச் சொல்ல முடியவில்லை. புதியது வரச் சில மாதங்கள் ஆகும். ஜனவரியில் ஆய்வாளர்கள் வருகிறார்கள். பெட்டிகள் மறுபடி கறுக்க ஆரம்பித்தன. விசாரணை வைத்தார்கள்.

20-12-96, வெள்ளி, பிற்பகல் மூன்று மணி. மேனேஜர் அறை. மேனேஜர், உலைக்காரர், சாட்சியாக டிரைவர், குறிப்பெடுக்க நான். நான்கு பேருக்கு மூன்று நாற்காலி. உலைக்காரர் நின்றார்.

மேனேஜர் பதிவேட்டைப் புரட்டினார். "பன்னண்டு மணி. மிக அழகாக உள்ளது. என்னய்யா இது, கல்யாணப் பொண்ணையா பாக்கப் போனே? எத்தன தடவ கதவத் தொறந்தே?"

"ஆறு தடவ சார். எழுதிக்கீறேன் பாருங்க."

"அதான்யா எழுதித் தொலைச்சிருக்கியே! எழுதாம இருந்திருந்தாக்கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

டிரைவர் குறுக்கே புகுந்தார். "ஒன்னாம் நம்பர்காரன் பேப்பர்ல மட்டும்தான் சார் தொறப்பான். எட்டு நன்று. ஒரு மாசத்து நன்று எல்லாத்தையும் ஒரே டீல எழுதிடுவான்."

"உன்ன வண்டிய பத்திக் கேட்டா பேசு."

மேனேஜர் என் பத்து விதிகளை எடுத்து ஏழாவதை உரக்கப் படித்தார். "கீழ யாரு கையெழுத்து? படிச்சிட்டுத்தானே போட்டே? அப்புறம் ஏன் தொறந்தே? யாராவது தொறக்கச் சொன்னாங்களா?"

உலைக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தார். "இல்ல சார். நானாத்தான் தொறந்தேன். பாக்க நல்லா இருந்துச்சு."

நான் அதை எழுதினேன். எழுதும்போது என் கை நின்றது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கை நன்றாகத்தான் ஓடியது. 'நானாகத்தான் திறந்தேன் என்றார்' என்று எழுதி முடித்து முற்றுப்புள்ளியும் வைத்தேன். ஒன்பது வருடமாக அம்பத்தூரில் இருக்கிற ஒரு மனிதர் பத்தாவது வருடமும் அம்பத்தூரிலேயே இருக்கப் போகிறார் என்பது அந்தப் புள்ளிக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று யோசிக்க நேரமில்லை. மேனேஜர் முடிவுரையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஊழியரின் கவனக்குறைவு. தகுந்த பயிற்சி அளிக்கப்படும். அவ்வளவுதான், படி."

கூட்டம் முடிந்ததும் குறிப்பை எடுத்தவன் எழுந்து முழுக்க வாசிக்க வேண்டும், பிறகு எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. அதையும் நானே எழுதியிருந்தேன். எழுந்து வாசித்தேன். கடைசி வரிக்குக் கீழே, மேனேஜர் பேசிக்கொண்டிருந்தபோது நான் சேர்த்திருந்த ஐந்தாவது குறிப்பையும் வாசித்தேன்.

"ஐந்து: படிவத்தின் ஆறாவது கட்டத்தை நிரப்பக் கதவைத் திறந்தே ஆக வேண்டும். படிவம் தவறானது. இதைப் பற்றி உலைக்காரர் அக்டோபரில் கேட்டபோது, திறந்து பார்த்து எழுதும்படி குமாஸ்தா வாய்மொழியாகச் சொன்னார்."

மேனேஜர் பதிவேட்டை மூடினார். "இத யாரு சொன்னா? இங்க யாரும் சொல்லலியே."

"நான் சொல்றேன் சார்."

"நீ மினிட்ஸ் எழுத வந்தவன்யா. நீ எப்படிப் பேசுவே?"

"பேசல சார். எழுதியிருக்கேன்."

"அடிச்சிடு."

"அடிச்சா பக்கத்துல நாலு பேரும் சுருக்கொப்பம் போடணும் சார். விதி."

"அப்ப தாளக் கிழிச்சிடு."

"பக்க எண் போட்டிருக்கு சார்."

டிரைவர் தன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். "என்னாண்ட சுருக்கொப்பம் கேக்காதீங்க சார். எனக்கு முழு ஒப்பமே அரை மணி ஆவும்."

மேனேஜரின் கோபத்துக்கும் காரணம் இருந்தது. ஆள் தவறு செய்தால் ஆய்வாளர்களுக்கு அது சின்னக் குறை, பயிற்சி அளித்தோம் என்று எழுதினால் தீர்ந்தது. படிவமே தவறு, அதை நான்கு பேர் அங்கீகரித்திருக்கிறார்கள் என்றால் அது பெரிய குறை. அந்த நான்கில் முதல் கையொப்பம் அவருடையது. "உன் நேர்மைக்கு என் சான்றிதழா கிடச்சுது?" என்றார். பிறகு பேனாவைத் திறந்து, காகிதம் கிழியாத குறையாகக் கையெழுத்திட்டார். டிரைவர் உண்மையிலேயே நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். உலைக்காரர் கடைசியாகப் போட்டார். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் வராண்டாவில் அவரைப் பிடித்து நிறுத்தி, நான் சொன்னதை ஏன் உள்ளே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா மட்டும்? நீங்க சொல்லலன்னு சொல்லிட்டீங்கன்னா நான் பொய்யன் ஆயிடுவேன் சார். நோட்டுல இல்லாதது எதுவும் இங்க நடக்கலன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்றார். அதில் கிண்டல் எவ்வளவு, குற்றச்சாட்டு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. அதே நாளில் படிவத்தைத் திருத்தும் வேலையும் எனக்கே வந்தது. ஆறாவது கட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'உலையில் வைக்கும் முன் எடை' என்று போட்டேன். ஸ்டோர் தராசில் நிறுத்துப் பார்த்து, அளவுக்கு மேல் கரி இருந்தால் உலைக்கு அனுப்பாமல், முதலில் காற்றடித்து உதிர்ந்த மட்டும் உதிர்த்துவிடுவது என்று ஆயிற்று. உலைக்காரர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். மானியின் முனையைச் சுவரோரத்திலிருந்து ஃபில்டரின் பின்வாய்க்கு நேராக நகர்த்தினார்கள். சூடு குதித்தால் இப்போது மானிக்குத் தெரிந்துவிடும், காற்றுத் துளையைச் சாத்திவிடலாம். கதவின் குறுக்கே ஒரு காகிதப் பட்டை ஒட்டி அதில் அவர் கையெழுத்திட்டார். ஓட்டுப் பெட்டிக்குச் செய்வது போல. மூன்றாவது ஃபில்டர் அடுத்த வருடம் வந்து, நான் அந்தக் கம்பெனியை விட்டுப் போகும்வரை சொம்பு போலவே ஒலித்தது.

ஜனவரியில் வந்த ஆய்வாளர்கள் இரண்டாம் எண் உலைப் பக்கம் வரவே இல்லை. ஒன்றாம் எண் உலையின் பதிவேட்டைப் பார்த்து, நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அதற்கு முன்பு, டிசம்பர் கடைசி நாள், மதியச் சாப்பாட்டு வேளையில் உலைக்காரர் கேன்டீனுக்கு வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்பு உறையை வைத்தார். கிறிஸ்துமஸ் கடந்து ஆறு நாள். கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். நிரந்தரப் பணி உத்தரவு. எதிரே உட்கார்ந்திருந்த டிரைவர் எழுந்து வந்து அவர் தோளில் ஓங்கி அடித்தார்.

"நைனா, இனிமே உங்க மாமனாரு உன்ன இன்னான்னு சொல்லுவாரு? அம்பத்தூர்ல நிரந்தரமா இருக்காருன்னா?"

"நாளைக்குக் காலைல புது வருசப் பூசைல நான்தான் சொல்லப் போறேன். அவரு நின்னு கேக்கட்டும்" என்றார் உலைக்காரர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா சார், எல்லாரும் மொதல்ல பேரத்தான் பாப்பாங்க. நீங்க தேதியப் பாத்துகினு கீறீங்க?"

நல்ல உத்தரவு என்று சொல்லி மடித்துக் கொடுத்தேன். அவர் பாயசம் வாங்கிவரப் போனார்.

அந்த உத்தரவில் தட்டச்சாகியிருந்த தேதி 18-12-96. விசாரணைக்கு இரண்டு நாள் முந்தியது. அது சரியான தேதி என்றால், மேனேஜர் அறையில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்தும் நின்றும் இருந்தபோதே உத்தரவு எங்கோ தயாராக இருந்திருக்கிறது. நிறுத்திவைத்திருந்தார்களா, என் ஐந்தாவது குறிப்பு அதை விடுவித்ததா, அல்லது அந்தக் குறிப்புக்கு ஒரு பயனும் இல்லையா என்பது வேறு கேள்வி. தட்டச்சர் 28 என்று அடிக்க நினைத்து 18 என்று அடித்திருக்கவும் கூடும். அலுவலக நகலில் என்ன தேதி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க முடிந்த மூன்று வருடங்களில் பார்க்கவில்லை. இது சரிபார்க்கப்படவில்லை.